பழந்தானுந்துகளின் திசைமாற்றிச் சக்கரச் சீரமைப்பு

பழந்தானுந்துகளின் திசைமாற்றிச் சக்கரச் சீரமைப்பு என்பது, நீண்டகாலப் பயன்பாட்டினாலும் வெயில், வெப்பம், வியர்வை ஆகியவற்றினாலும் தேய்ந்தோ வெடித்தோ போன ஸ்டியரிங் சக்கரத்தை, மீண்டும் பாதுகாப்பாகப் பிடித்து ஓட்டக்கூடிய நிலைக்குக் கொண்டுவரும் பணியாகும். இயன்றவரை அதன் தொடக்ககாலத் தோற்றத்தையும் மீட்பது இப்பணியின் மற்றொரு நோக்கம். இது பழந்தானுந்துகளைப் புதுப்பிக்கும் கலையின் ஒரு சிறு பிரிவாகக் கருதப்படினும், மரவேலை, தோல்வேலை, பிளாஸ்டிக் வார்ப்பு, வண்ணப்பூச்சு, உலோகவேலை ஆகிய பல தொழில்களின் அறிவு இதற்குத் தேவைப்படுகிறது.

தானுந்தின் உட்பகுதியில் ஓட்டுநரின் கை இடைவிடாது தொட்டுக்கொண்டிருக்கும் உறுப்பு திசைமாற்றிச் சக்கரமே ஆகும். இதனால் மற்ற உறுப்புகளைவிட இது விரைவில் தேய்கிறது. அதே வேளையில் வண்டியின் திசையைக் கட்டுப்படுத்தும் உறுப்பும் இதுவே. ஆகையால் இதன் சீரமைப்பில் அழகைவிட உறுதியே முதலில் கவனிக்கப்பட வேண்டியதாகிறது. வெளியே தெரியும் வெடிப்பை அடைத்து வண்ணம் பூசுவது எளிது; அவ்வெடிப்புக்குக் காரணமான உட்புற நிலையை அறிந்து சரிசெய்வதே கடினமான பகுதியாகும்.

## அமைப்பு

திசைமாற்றிச் சக்கரம் மூன்று முதன்மைப் பகுதிகளைக் கொண்டது. அவை:

- வளையம்: ஓட்டுநர் கையால் பற்றும் வெளிவட்டம்.
- ஆரக்கால்கள்: வளையத்தை நடுப்பகுதியுடன் இணைப்பவை. இவற்றின் எண்ணிக்கை பொதுவாக இரண்டு முதல் நான்கு வரை இருக்கும். 1955 ஆம் ஆண்டில் வெளிவந்த சித்ரோயன் டிஎஸ் தானுந்தின் சக்கரத்தில் ஒரேயொரு ஆரக்கால் மட்டுமே இருந்தது.
- குடம்: சக்கரத்தின் மையப்பகுதி. இதன் உட்புறத்தில் வெட்டப்பட்ட நுண்பற்கள் திசைமாற்றித் தண்டின் பற்களுடன் பொருந்துகின்றன. மேலே ஒரு பெரிய நட்டு இதனை இறுக்கிப் பிடிக்கிறது.

பெரும்பாலான சக்கரங்களில் வளையத்தின் உள்ளே உருக்கினால் ஆன உள்வளையம் ஒன்று உண்டு. வெளியே தெரியும் பிளாஸ்டிக், ரப்பர் அல்லது தோல் கைப்பிடிக்கு ஏற்ற உறை மட்டுமே. ஓட்டுநர் தரும் விசையைத் தாங்குவது உள்ளிருக்கும் உலோகமாகும். சீரமைப்பின் எல்லா முடிவுகளுக்கும் இந்த வேறுபாடே அடிப்படையாக அமைகிறது.

ஆற்றல் உதவியுடன் இயங்கும் திசைமாற்றி பரவலாவதற்கு முன்னர், சக்கரங்கள் பெரியனவாகச் செய்யப்பட்டன. 400 மில்லிமீட்டருக்கும் கூடுதலான விட்டமுடைய சக்கரங்கள் அக்காலத்தில் வழக்கமாக இருந்தன. விட்டம் கூடினால் தண்டைத் திருப்பத் தேவையான விசை குறையும் என்பதே இதற்குக் காரணம். பழைய சக்கரத்தைச் சீரமைக்காமல் சிறிய புதிய சக்கரத்தைப் பொருத்துவோர் இதனை மறந்துவிடுவது உண்டு. 420 மில்லிமீட்டர் விட்டமுடைய சக்கரத்துக்குப் பதிலாக 350 மில்லிமீட்டர் சக்கரத்தைப் பொருத்தினால், அதே திருப்பத்துக்குக் கை தரவேண்டிய விசை 20 விழுக்காடு அதிகரிக்கும்.

## வரலாறு

தொடக்ககாலத் தானுந்துகளில் படகின் சுக்கானைப் போன்ற நெம்புகோலே திசைமாற்றியாகப் பயன்பட்டது. 1894 ஆம் ஆண்டில் நடைபெற்ற பாரிசு–ரூவான் ஓட்டத்தில் பிரான்சைச் சேர்ந்த ஆல்பிரெட் வாசெரோன் என்பவர், தமது பனார் வண்டியில் சக்கர வடிவத் திசைமாற்றியைப் பொருத்தி ஓட்டினார். இதுவே இவ்வகையில் அறியப்படும் மிகப் பழைய எடுத்துக்காட்டுகளில் ஒன்றாகும். 1898 முதல் பனார்–லெவாசோர் நிறுவனம் தனது தானுந்துகளில் இதனை வழமையான உறுப்பாக்கியது. அடுத்த சில ஆண்டுகளில் பிற நிறுவனங்களும் நெம்புகோலைக் கைவிட்டன.

சக்கரத்தின் பொருள் காலத்துக்கேற்ப மாறி வந்துள்ளது. எப்பொருளால் ஆனது என்பதை அறியாமல் ஒரு சக்கரத்தைச் சீரமைக்க முடியாது என்பதால், இம்மாற்றங்கள் இன்றும் நடைமுறை முக்கியத்துவம் உடையவை.

### மரமும் கடின ரப்பரும்

முதற்கட்டச் சக்கரங்களின் வளையங்கள் பெரும்பாலும் மரத்தால் ஆனவை. 1908 முதல் 1927 வரை உற்பத்தி செய்யப்பட்ட ஃபோர்டு மாடல் டி தானுந்தின் முற்கால வண்டிகளில் மர வளையமும், பிற்கால வண்டிகளில் கடின ரப்பர்க் கலவையால் ஆன வளையமும் இருந்தன. கடின ரப்பர் என்பது மிகுதியான கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கப்பட்ட ரப்பர் ஆகும். புதிதாக இருக்கையில் கருமையாகவும் பளபளப்பாகவும் இருக்கும் இப்பொருள், ஒளியும் ஈரமும் பட்டால் பழுப்பு நிறமாக மாறி மேற்பரப்பில் அமிலத்தன்மை அடைகிறது.

### செல்லுலோசு பிளாஸ்டிக்குகள்

1920கள், 1930களில் செல்லுலாய்டு உறையிட்ட சக்கரங்கள் பரவலாயின. நைட்ரோசெல்லுலோசையும் கற்பூரத்தையும் சேர்த்து உருவாக்கப்படும் செல்லுலாய்டு எளிதில் தீப்பற்றக்கூடியது. இக்காலத்தில் மெல்லிய கம்பிகளை ஆரக்கால்களாகக் கொண்ட சக்கரங்களும் வந்தன. பாஞ்சோ என்னும் நரம்பிசைக் கருவியை ஒத்திருந்ததால் இவை பாஞ்சோ சக்கரங்கள் எனப் பெயர் பெற்றன. எம்.ஜி போன்ற பிரித்தானிய விளையாட்டுத் தானுந்துகளில் இவற்றைக் காணலாம்.

பின்னர், தீப்பற்றும் தன்மை குறைந்த செல்லுலோசு அசிட்டேட்டு, செல்லுலோசு அசிட்டேட்டு பியூட்டிரேட்டு ஆகிய பிளாஸ்டிக்குகள் புழக்கத்துக்கு வந்தன. இவற்றை உருக்கு உள்வளையத்தின் மீது அச்சில் வார்க்க முடிந்ததால், தந்த நிறம், சலவைக்கல் போன்ற வரியோட்டம், ஒளி ஊடுருவும் வண்ணம் எனப் பல தோற்றங்கள் கிடைத்தன. 1940கள், 1950களின் அமெரிக்கத் தானுந்துகளில் இத்தகைய சக்கரங்கள் மிகுதி. இன்று சீரமைப்புக்கு வரும் சக்கரங்களில் பெரும் சிக்கலைத் தருபவையும் இவையே.

### மரத்தின் மீள்வருகை

1950களில் மர வளையம் விளையாட்டுத் தானுந்துகளின் அடையாளமாகத் திரும்பி வந்தது. இத்தாலியரான என்ரிக்கோ நார்டியின் பெயர் தாங்கிய சக்கரங்கள் இவற்றுள் புகழ்பெற்றவை. 1961 இல் அறிமுகமான ஜாகுவார் இ-டைப் தானுந்தில் துளையிட்ட அலுமினிய ஆரக்கால்களும் மர வளையமும் இருந்தன. செவ்ரோலே கோர்வெட்டின் 1965, 1966 ஆண்டு வகைகளில் தேக்கு மர வளையம் கூடுதல் விலைக்குக் கிடைத்தது.

### மென்பொருட்கள்

1960களின் பிற்பகுதியிலிருந்து பாதுகாப்புக் காரணங்களுக்காக வினைல், பாலியூரித்தேன் நுரை ஆகிய மென்மையான பொருட்கள் கடின பிளாஸ்டிக்கின் இடத்தைப் பிடித்தன. விலையுயர்ந்த வண்டிகளில் இவற்றின் மீது தோல் தைக்கப்பட்டது.

## பழுதடைவதற்கான காரணங்கள்

### வெப்பத்தால் விரிதலும் சுருங்குதலும்

கடின பிளாஸ்டிக் வளையங்களில் காணப்படும் வெடிப்புகள் பெரும்பாலும் வளையத்துக்குக் குறுக்காகவே தோன்றுகின்றன. ஆரக்கால்கள் வளையத்தைச் சந்திக்கும் இடங்களில் இவை அதிகம். இதற்குக் காரணம் முரட்டுக் கையாளுகை அன்று. உள்ளிருக்கும் உருக்கும் வெளியிருக்கும் பிளாஸ்டிக்கும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதே ஆகும்.

வெப்பநிலை ஒரு பாகை செல்சியசு உயரும்போது, உருக்கு தனது நீளத்தில் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 12 பங்கு விரிகிறது. செல்லுலோசு பிளாஸ்டிக்குகள் அதே வெப்ப உயர்வுக்கு 100 பங்குக்கும் மேல் விரிகின்றன. 420 மில்லிமீட்டர் விட்டமுடைய சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 1,320 மில்லிமீட்டர் ஆகும். இதன் வெப்பநிலை 40 பாகை குறைந்தால், உருக்கு வளையத்தின் சுற்றளவு சுமார் 0.6 மில்லிமீட்டர் மட்டுமே சுருங்கும். பிளாஸ்டிக்கோ தடையின்றி இருந்தால் 5 முதல் 6 மில்லிமீட்டர் வரை சுருங்கியிருக்கும். உருக்கு அதனைச் சுருங்கவிடாமல் தடுப்பதால் பிளாஸ்டிக்கில் இழுவிசை உருவாகிறது. வெயிலில் மூடி நிறுத்தப்பட்ட வண்டி பகலில் சூடேறி இரவில் குளிர்வது ஆண்டுக்கணக்கில் தொடரும்போது, இவ்விழுவிசை வெடிப்பாக வெளிப்படுகிறது.

### வேதிமாற்றங்கள்

பிளாஸ்டிக்குகள் வளைந்துகொடுக்க வேண்டி அவற்றில் நெகிழ்வூட்டும் பொருட்கள் கலக்கப்படுகின்றன. இவை காலப்போக்கில் மெல்ல ஆவியாகவோ மேற்பரப்புக்குக் கசியவோ செய்கின்றன. அதனால் பிளாஸ்டிக் நிரந்தரமாகச் சுருங்கி நொறுங்கும் தன்மை அடைகிறது. மென்மையான வினைல் வளையங்கள் சில பிசுபிசுப்பாக மாறுவதற்கும் இக்கசிவே காரணம். சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் நிறத்தை மங்கச் செய்து மேற்பரப்பைச் சிதைக்கின்றன. இதனால் கண்ணாடியை நோக்கி இருக்கும் வளையத்தின் மேற்பாதி கீழ்ப்பாதியைவிட விரைவில் பழுதடைகிறது.

### கைப்பயன்பாடு

வியர்வையில் உள்ள உப்பும் தோலின் எண்ணெயும் தோலுறையையும் மர வார்னிசையும் அரிக்கின்றன. மோதிரங்கள் கீறல்களை உண்டாக்குகின்றன. ஓட்டுநர் வழக்கமாகப் பற்றும் இடங்களில் மட்டும் தேய்மானம் குவிந்திருப்பதை, எந்தப் பழைய சக்கரத்திலும் காணலாம்.

## சீரமைப்புக்கு முந்திய ஆய்வு

பணியைத் தொடங்குமுன் சக்கரத்தின் நிலை ஆராயப்படுகிறது. பின்வருவன இவ்வாய்வில் கவனிக்கப்படுகின்றன.

- வெடிப்பிலிருந்து பழுப்புக் கறை கசிந்துள்ளதா என்பது. அவ்வாறு இருப்பின் உள்வளையம் துருப்பிடித்துள்ளது எனக் கொள்ளலாம்.
- வளையத்தை இரு கைகளாலும் முறுக்கும்போது உறை மட்டும் தனியே சுழல்கிறதா என்பது. சுழன்றால் உறை உலோகத்திலிருந்து பிரிந்துவிட்டது என்று பொருள். அவசரமாகத் திருப்பும் வேளையில் கை வழுக்க இது காரணமாகலாம்.
- ஆரக்கால் இணைப்புகளில் உள்ள பற்றவைப்புகள் முறியாமல் உள்ளனவா என்பது.
- குடத்தின் நுண்பற்கள் தேய்ந்துள்ளனவா என்பது.
- சக்கரத்தைத் தட்டையான பரப்பில் வைத்தால் வளையம் கோணலின்றி அமர்கிறதா என்பது.

முதல் இரண்டும் சீரமைக்கத்தக்க குறைகள். உள்வளையம் துருவினால் மெலிந்தோ, பற்றவைப்பு முறிந்தோ, நுண்பற்கள் சிதைந்தோ இருந்தால் மேற்பூச்சு வேலையால் பயனில்லை. வெளித்தோற்றம் புதிதாக இருந்து உள்ளே முறிந்திருக்கும் சக்கரம், வெடிப்பு வெளியே தெரியும் சக்கரத்தைவிட ஆபத்தானது. ஏனெனில் பின்னதை ஓட்டுபவர் அதனை ஐயத்துடன் கையாளுவார். முன்னதை முழுதாக நம்புவார்.

## கழற்றுதல்

முதலில் மின்கலத்தின் இணைப்பு துண்டிக்கப்படுகிறது. முன்சில்லுகளை நேராக நிறுத்தி, ஹார்ன் பொத்தானைக் கழற்றியபின், குடத்திலும் தண்டிலும் நேரொத்த அடையாளக் கோடு இடப்படுகிறது. நடு நட்டைத் தளர்த்தும்போது அதனை முழுவதும் கழற்றாமல் சில மரைகளில் நிற்கும்படி விட்டுவைப்பது வழக்கம். சக்கரம் திடீரென விடுபட்டு ஓட்டுநரின் முகத்தில் மோதாமல் இது தடுக்கிறது.

பல ஆண்டுகள் இறுகியிருந்த குடத்தை விடுவிக்க, மெக்கானிக்குகள் புல்லர் என அழைக்கும் இழுப்புக்கருவி பயன்படுகிறது. தண்டின் முனையைச் சுத்தியலால் அடிப்பது தவிர்க்கப்பட வேண்டும். குறிப்பாக, மோதலின்போது மடங்கும்படி வடிவமைக்கப்பட்ட தண்டுகளில், உள்ளிருக்கும் பிளாஸ்டிக் ஊசிகள் சுத்தியல் அடியால் முறிந்துவிடக்கூடும்.

1980களிலும் அதன் பின்னரும் வந்த வண்டிகள் சிலவற்றின் சக்கரத்தில் காற்றுப்பை உண்டு. இவ்வண்டிகளும் இன்று பழந்தானுந்துகளின் வரிசையில் சேர்ந்துள்ளன. காற்றுப்பையில் வெடிக்கும் பொருள் இருப்பதால், பயிற்சி பெற்றோர் மட்டுமே அதனைக் கழற்ற வேண்டும்.

## கடின பிளாஸ்டிக் வளையங்களைச் சீரமைத்தல்

### தூய்மைப்படுத்தல்

மென்மையான சவர்க்கார நீராலும், பின்னர் மெழுகு மற்றும் எண்ணெயை அகற்றும் கரைப்பானாலும் சக்கரம் துடைக்கப்படுகிறது. பழைய மெருகுப் பொருட்களில் உள்ள சிலிக்கோன் முழுவதும் அகலாவிட்டால், பின்னர் பூசப்படும் வண்ணம் ஒட்டாமல் குழிவிழும். செல்லுலோசு பிளாஸ்டிக்குகளை அசிட்டோன் கரைத்துவிடும் என்பதால், அதனைக் கொண்டு துடைக்கலாகாது.

### வெடிப்பைத் திறத்தல்

மேலோட்டமாக அடைக்கப்பட்ட வெடிப்பு விரைவில் மீண்டும் திறந்துகொள்ளும். ஆகவே, முரண்போலத் தோன்றினாலும், அடைப்பதற்கு முன் வெடிப்பை மேலும் அகலப்படுத்துவது அவசியமாகிறது. இரும்பறுக்கும் வாள், முக்கோண அரம் அல்லது சிறு சுழற்கருவியால், உருக்கு தெரியும் ஆழம்வரை ஆங்கில 'வி' எழுத்தின் வடிவில் பள்ளம் வெட்டப்படுகிறது. தளர்ந்த துண்டுகள் அனைத்தும் அகற்றப்படுகின்றன. வெளிப்பட்ட உருக்கிலுள்ள துரு கம்பித் தூரிகையால் நீக்கப்பட்டு, பாசுபாரிக் அமிலம் கலந்த துருமாற்றி பூசப்படுகிறது. அது முற்றிலும் உலர்ந்தபின் பள்ளத்தின் ஓரங்கள் சொரசொரப்பாக்கப்படுகின்றன.

### நிரப்புதல்

நிரப்புவதற்கு இருபகுதி எப்பாக்சிப் பசை பயன்படுகிறது. வண்டியின் வெளிப்புறத் தகட்டு வேலையில் பட்டி பார்க்கப் பயன்படும் பாலியெஸ்டர்க் கலவை இதற்கு ஏற்றதன்று. அது உருக்குடனும் பழைய பிளாஸ்டிக்குடனும் எப்பாக்சி அளவுக்கு உறுதியாகப் பற்றுவதில்லை; வளையம் சிறிது வளையும்போது நொறுங்கவும் செய்கிறது.

சக்கரம் அறை வெப்பநிலையில் சில நாட்கள் வைக்கப்பட்டு, அதன் அளவு நிலைபெற்ற பின்னரே பசை இடப்படுகிறது. பசை பள்ளத்தின் அடிவரை அழுத்தித் திணிக்கப்பட்டு, மேற்பரப்பைவிடச் சற்று உயர்ந்து நிற்கும்படி விடப்படுகிறது. எப்பாக்சி வகையைப் பொறுத்து முழுமையாக இறுக ஒரு நாளோ அதற்கு மேலோ தேவைப்படலாம்.

### வடிவமைத்தல்

இறுகிய பசை அரத்தாலும், பின்னர் 80, 120, 220, 320 என்ற எண் வரிசையில் உப்புத்தாள்களாலும் தேய்க்கப்படுகிறது. உப்புத்தாளின் எண் கூடக்கூட அதன் துகள்கள் நுண்ணியனவாகின்றன. வளையத்தின் பின்புறத்தில் விரல்கள் அமரும் பள்ளங்கள் இருந்தால், அவற்றை மீட்பதே இக்கட்டத்தில் மிகுந்த பொறுமையை வேண்டும் வேலையாகும். பழுதடையாத பகுதியிலிருந்து சிலிக்கோன் ரப்பரில் அச்செடுத்து, பசை இறுகுமுன் அவ்வச்சால் அழுத்துவது ஒரு முறை. கண்ணைவிட விரலே குறைகளை விரைவில் உணரும் என்பதால், கண்ணை மூடி வளையத்தைத் தடவிப் பார்ப்பது பல பணியாளர்களின் வழக்கம்.

### வண்ணம் பூசுதல்

முதலில் எப்பாக்சி பிரைமர் பூசப்படுகிறது. அதன் மேல் நிரப்பும் தன்மையுள்ள பிரைமர் பூசி, மெல்லிய மாற்று வண்ணம் ஒன்று தூவப்படுகிறது. நீர் தொட்டுத் தேய்க்கும்போது இம்மாற்று வண்ணம் மேடுகளில் அழிந்து பள்ளங்களில் எஞ்சி நிற்பதால், இன்னும் சரிசெய்ய வேண்டிய இடங்கள் தெளிவாகின்றன. இறுதியாக இருபகுதி யூரித்தேன் வண்ணம் பல மெல்லிய பூச்சுகளாக அடிக்கப்படுகிறது. கையின் எண்ணெயையும் உராய்வையும் தாங்கும் திறன் இவ்வண்ணத்துக்கு உண்டு. சாதாரணத் தெளிப்புக்குப்பி வண்ணங்கள் ஒப்பீட்டளவில் விரைவில் மென்மையாகிக் கையில் ஒட்டக்கூடும்.

## மீள்வார்ப்பு

சலவைக்கல் வரியோட்டமோ ஒளி ஊடுருவும் தன்மையோ உள்ள சக்கரங்களுக்கு மேற்கண்ட முறை பொருந்தாது. அவற்றின் நிறம் பிளாஸ்டிக்கின் உள்ளேயே இருப்பதால், பூச்சினால் அதனை மீட்க முடியாது. இவற்றுக்கும், பெரும்பகுதி உடைந்துபோன சக்கரங்களுக்கும் மீள்வார்ப்பு முறை கையாளப்படுகிறது. பழைய பிளாஸ்டிக் முழுவதும் உடைத்தெடுக்கப்பட்டு, உருக்குச் சட்டம் தூய்மைப்படுத்தப்பட்டு, ஒத்த வடிவ அச்சினுள் வைக்கப்பட்டுப் புதிய பிசின் ஊற்றப்படுகிறது. இம்முறையின் சிறப்பு, உள்வளையம் முழுவதையும் கண்ணால் கண்டு சோதிக்க முடிவதாகும். செலவு மிகுதி என்பதும், தொடக்ககாலப் பொருள் முற்றிலும் இழக்கப்படுகிறது என்பதும் இதன் குறைகள்.

## மர வளையங்கள்

மர வளையத்தில் பொதுவாகக் காணப்படும் குறைகள் வார்னிசு உரிதல், மரம் கறுத்தல், ஒட்டு விடுதல் ஆகியன. பழைய வார்னிசு சுரண்டு தகட்டாலோ வேதிநீக்கியாலோ அகற்றப்படுகிறது. கரடுமுரடான உப்புத்தாளால் தொடங்கினால் வளையத்தின் பருமன் குறைந்துவிடும். மரத்தினுள் பதிக்கப்பட்ட அலங்கார வரிகளும் அழிந்துவிடும். மரத்திலுள்ள டானினுடன் இரும்பு சேர்ந்து உண்டாகும் கருங்கறைகளை ஆக்சாலிக் அமிலக் கரைசல் வெளுக்கச் செய்கிறது. இவ்வமிலம் நச்சுத்தன்மை உடையது. வேலை முடிந்தபின் நன்கு கழுவித் துடைத்து உலரவிட வேண்டும். மரத்தை நீரில் ஊறவைத்தால் ஒட்டுகள் மேலும் விடுபடும்.

திறந்துகொண்ட இணைப்புகளில் மெல்லிய எப்பாக்சி செலுத்தப்பட்டு, இறுகும்வரை கவ்விகளால் பிடித்துவைக்கப்படுகிறது. பின்னர் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வார்னிசு பல அடுக்குகளாகப் பூசப்படுகிறது. ஒவ்வோர் அடுக்குக்கும் இடையில் நுண்ணிய தாளால் தேய்ப்பது வழக்கம். வளையத்தின் குறுக்கே முழுமையாக முறிந்த மரத்தை ஒட்டுவது பாதுகாப்பானதன்று. மோதலின்போது அது கூரிய சிம்புகளாகப் பிளவுபடக்கூடும்.

## தோல் வளையங்கள்

தையல் உறுதியாக இருந்து மேற்பூச்சு மட்டும் தேய்ந்திருந்தால், தோலை மாற்றத் தேவையில்லை. அழுக்கு நீக்கி, பழைய பூச்சை ஆல்ககாலால் மெல்லத் துடைத்து, நெகிழ்வான நிரப்பியால் வெடிப்புகளை மூடி, தோலுக்குரிய வண்ணம் தீட்டப்படுகிறது.

தோல் கிழிந்திருந்தால் முழுவதும் மாற்றப்படுகிறது. பழைய தோலைத் தையல் வழியே பிரித்து, அதனையே வார்ப்புருவாகக் கொண்டு, சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள புதிய தோல் வெட்டப்படுகிறது. புதிய தோல் சற்றுச் சிறிதாகவே வெட்டப்படும். இழுத்துத் தைக்கும்போது அது நீண்டு வளையத்தை இறுகப் பற்றுகிறது. தளர்வாகத் தைக்கப்பட்ட தோல் கையின் கீழ் நழுவும் என்பதால், இவ்விறுக்கம் பாதுகாப்புக்கும் உரியது. வளையத்தின் உட்புறத்தில் இரண்டு ஊசிகளும் மெழுகிட்ட ஒற்றை நூலும் கொண்டு கையாலேயே தையல் இடப்படுகிறது. ஆரக்கால்களைச் சுற்றி வரும் இடங்களில் தோலின் ஓரம் மெலிதாகச் சீவப்பட்டு மடிக்கப்படுகிறது.

## ஹார்ன் வளையமும் உலோகப் பகுதிகளும்

1940கள் முதல் 1960கள் வரையிலான பல வண்டிகளில், ஹார்ன் ஒலிக்கச் செய்யும் குரோமிய முலாமிட்ட வளையம் ஒன்று சக்கரத்தினுள் இருந்தது. இவற்றுட் பல துத்தநாகக் கலவை வார்ப்புகள். முலாமில் உண்டாகும் நுண்துளைகள் வழியே ஈரம் புகுந்து உள்ளிருக்கும் துத்தநாகத்தை அரிப்பதால், இவற்றில் கொப்புளங்கள் தோன்றுகின்றன. குழிகளைச் சுரண்டிச் செம்பால் நிரப்பி, நிக்கலும் குரோமியமும் முலாமிடும் இப்பணி சிறப்புப் பட்டறைகளில் மட்டுமே செய்யப்படுகிறது.

## உடல்நலக் கேடுகள்

இருபகுதி யூரித்தேன் வண்ணங்களில் உள்ள ஐசோசயனேட்டுகள் ஈளை நோயை உண்டாக்கக்கூடியவை. ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டவருக்கு மிகச் சிறிய அளவும் மூச்சுத்திணறலைத் தரலாம். துணியாலோ தாளாலோ ஆன முகமூடி இவற்றைத் தடுப்பதில்லை. வெளியிலிருந்து தூய காற்று செலுத்தப்படும் முகமூடியும் காற்றோட்டமான தெளிப்பறையும் இன்றி இவற்றைத் தெளிக்கலாகாது. இவ்வசதி இல்லாதோர் வண்ணவேலையை மட்டும் தொழில்முறைப் பட்டறையிடம் ஒப்படைப்பதே நன்று.

செல்லுலாய்டு வளையங்களைச் சுழற்கருவியால் தேய்ப்பதும் சூடாக்குவதும் தீவிபத்துக்கு வழிவகுக்கும். மெல்லத் தேய்த்தால் எழும் கற்பூர வாசனை செல்லுலாய்டை அடையாளம் காண உதவுகிறது. இறுகாத எப்பாக்சி தோலில் ஒவ்வாமையை ஏற்படுத்தும் என்பதால், கையுறை அணிவது தேவை. மரத்தூளும் பழைய வண்ணத்தூளும் சுவாசத்தில் கலவாதபடி தூசி முகமூடி அணியப்படுகிறது.

## மோதல் பாதுகாப்பு

1960களின் நடுப்பகுதி வரை பெரும்பாலான தானுந்துகளில் திசைமாற்றித் தண்டு மடங்காத ஒரே கோலாக இருந்தது. நேருக்கு நேர் மோதலில் இத்தண்டு பின்னோக்கித் தள்ளப்பட்டு ஓட்டுநரின் மார்பைத் தாக்கியது. இதனைக் குறைக்க, ஃபோர்டு நிறுவனம் தனது 1956 ஆம் ஆண்டு வகைகளில் நடுப்பகுதி உட்குழிந்த சக்கரத்தை அறிமுகப்படுத்தியது. மெர்சிடிசு-பென்சு 1959 இல் பஞ்சணை போன்ற மென்மையான நடுப்பகுதியைக் கொண்ட சக்கரத்தைக் கொண்டுவந்தது. 1967 ஆம் ஆண்டு வகைகளில் செனரல் மோட்டார்சு மோதலாற்றலை உள்வாங்கி மடங்கும் தண்டைப் பரவலாகப் பொருத்தியது. 1968 சனவரி முதல் ஐக்கிய அமெரிக்காவில் இது தொடர்பான கூட்டரசுத் தரநிலைகள் நடைமுறைக்கு வந்தன.

பழைய சக்கரத்தை எவ்வளவு திறமையாகச் சீரமைத்தாலும், அது தனது காலத்தின் பாதுகாப்பையே தரும். அதற்கு மேல் தராது. ஆனால் கவனக்குறைவான சீரமைப்பு அப்பாதுகாப்பையும் குறைத்துவிடக்கூடும். நடுப்பஞ்சணையை அகற்றுதல், உட்குழிந்த சக்கரத்துக்குப் பதிலாகத் தட்டையானதைப் பொருத்துதல், பழைய நட்டை இறுக்க அளவு பாராமல் மீண்டும் பூட்டுதல் ஆகியன இதற்கு எடுத்துக்காட்டுகள். சக்கரத்தைத் திரும்பப் பொருத்தும்போது, தயாரிப்பாளரின் பணிமனைக் கையேடு கூறும் முறுக்குவிசையில் நட்டு இறுக்கப்பட வேண்டும். அதன்பின் வண்டியை நிறுத்திவைத்தே சக்கரத்தை இருபுறமும் முழுவதுமாகத் திருப்பிச் சோதிக்க வேண்டும்.

## மூலத்தன்மை

எவ்வளவு சீரமைப்பது என்பது பழந்தானுந்து ஆர்வலரிடையே நெடுங்காலமாக விவாதிக்கப்படும் வினாவாகும். தேய்ந்த வளையம் அவ்வண்டி ஓடிய ஆண்டுகளின் சான்று என்று ஒரு சாராரும், வண்டி தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நிலையை மீட்பதே சரியென மற்றொரு சாராரும் கருதுகின்றனர். 1966 இல் நிறுவப்பட்ட பன்னாட்டுப் பழந்தானுந்துக் கூட்டமைப்பான ஃபீவா, தனது தூரின் சாசனத்தை 2013 இல் வெளியிட்டது. இச்சாசனம் பேணுதல், பாதுகாத்தல், மீளமைத்தல் ஆகியவற்றை வேறுபடுத்திக் காட்டுவதுடன், செய்யப்பட்ட பணிகளை ஆவணப்படுத்தவும் வலியுறுத்துகிறது.

இக்கண்ணோட்டத்தின்படி, உறுதி குன்றாத சக்கரத்தில் தேவையானதைவிடக் கூடுதலாகக் கைவைக்காமல் இருப்பதே முதல் விதி. தயாரிப்பாளர் முத்திரை, அச்சு எண் போன்றவற்றைத் தேய்த்து அழிக்காமல் காப்பதும், ஒவ்வொரு கட்டத்தையும் ஒளிப்படம் எடுத்து வைப்பதும் அடுத்த விதிகள். அருங்காட்சியக வண்டியில் வெடிப்பை அப்படியே விட்டுவைக்கலாம். சாலையில் ஓடும் வண்டியில் அவ்வாறு விட முடியாது. சிலர் மூலச் சக்கரத்தைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, ஓட்டுவதற்கு மட்டும் அதே அளவுள்ள மறுவாக்கச் சக்கரத்தைப் பொருத்திக்கொள்கின்றனர்.

## பராமரிப்பு

சீரமைக்கப்பட்ட சக்கரம் மீண்டும் பழுதடையாமல் இருக்க, வண்டியை நிழலில் நிறுத்துவதே மிக எளிய வழியாகும். அது இயலாத இடங்களில், வெளிர்நிறத் துணியுறையால் சக்கரத்தை மூடலாம். சிலிக்கோன் கலந்த மெருகுப் பொருட்கள் வளையத்தை வழுக்கச் செய்வதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும். நீண்ட பயணத்துக்குப் பின் ஈரத்துணியால் துடைத்து உலர்ந்த துணியால் ஒற்றி எடுப்பது வியர்வையின் உப்பை அகற்றும். நிரப்பிய இடங்களில் மயிரிழை போன்ற கோடு தோன்றுகிறதா என்பதை ஆண்டுக்கு ஒருமுறையேனும் பார்ப்பது நன்று. பழைய பிளாஸ்டிக் சுருங்குவதை எந்தச் சீரமைப்பும் முழுவதும் நிறுத்துவதில்லை. புதிய கோடு தோன்றும்போது, அதன் மேல் வண்ணம் தீட்டி மறைக்காமல், உள்ளிருக்கும் உருக்கை மீண்டும் ஒருமுறை திறந்து பார்ப்பதே முறையாகும்.